ரொட்டியில் பூஞ்சணம்

ரொட்டியில் பூஞ்சணம் பிடிப்பது என்பது, காற்றிலும் கையிலும் பாத்திரத்திலும் ஒட்டியிருக்கும் நுண்பூஞ்சைகளின் வித்துகள் ரொட்டியின் மேல் விழுந்து முளைத்துப் படர்வதாகும். பேச்சு வழக்கில் இதைப் பூசணம் பூத்தல் என்பார்கள். பிரெட், பன், இலங்கையில் பாண் என்று வழங்கும் ரொட்டி என எல்லாவற்றுக்கும் இது பொது. அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டியில் உயிருள்ள பூஞ்சணம் இருப்பதில்லை. அது எத்தனை நாள் தாங்கும் என்பதை, இறக்கியபின் நாம் அதைக் கையாளும் விதமே பெரிதும் தீர்மானிக்கிறது.

எங்கிருந்து வருகிறது

பேக்கரி அடுப்பின் சூடு 200 பாகை செல்சியசைத் தாண்டினாலும், ரொட்டியின் நடுப்பகுதி 95 பாகையை ஒட்டித்தான் சூடேறும். பூஞ்சண வித்துகள் மடிய அதுவே போதும். பேசில்லஸ் பாக்டீரியாவின் வித்துகள் மட்டும் தாக்குப்பிடிக்கலாம். அவை உண்டாக்கும் கெடுதல் வேறு. ரொட்டியின் உட்பகுதி பிசுபிசுத்து நூல் நூலாக இழுபடும்.

பூஞ்சண வித்துகள் மறுபடி ஒட்டுவது ஆறவைக்கும் தட்டில், துண்டு போடும் கத்தியில், உறையில் போடும் கையில். துண்டு போட்டதும் காற்றுப்படும் பரப்பு பல மடங்காகிவிடுவதால், முழு ரொட்டியைவிடத் துண்டு ரொட்டி சீக்கிரம் கெடுகிறது.

விழுந்த வித்து முளைக்க ஈரம் வேண்டும். ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான். அதே ரொட்டியைத் துண்டு போட்டு மறுபடி சுட்டு, நீரை வற்றவைத்தால் ரஸ்க். ஈரம் படாதவரை அதில் பூஞ்சணம் ஏறுவதில்லை. பெரும்பாலான ரொட்டிப் பூஞ்சணங்கள் 20 முதல் 30 பாகை வெப்பத்தில் செழித்து வளரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது சமையலறையே அதற்கு ஏற்ற இடமாகிவிடுகிறது.

வகைகள்

பள்ளிப் பாடநூல்களில் ரொட்டிக் காளான் என்று அறிமுகமாவது ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர். முதலில் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரியும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அருகம்புல் தரையில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடுவதுபோல, இதன் இழைகள் ரொட்டியின்மேல் ஓடித் தொட்ட இடத்தில் வேரிழை இறக்குவதைக் காணலாம். அந்த இடத்திலிருந்து நிமிர்ந்து எழும் காம்புகளின் நுனியில் குண்டூசித் தலைபோலக் கறுப்பு உருண்டைகள் இருக்கும். அவை வித்துப் பைகள். வெடித்தால் வித்துகள் கரித்தூளாய்ப் பறக்கும்.

நீலப்பச்சையாகப் பொடிபடிவது பெரும்பாலும் பெனிசிலியம். கறுப்பாகவும் மஞ்சள் கலந்த பச்சையாகவும் வருபவை அஸ்பெர்ஜில்லஸ் இனங்கள். வெப்ப நாடுகளில் இவை அதிகம். ஆரஞ்சு நிறத்தில் வெகுவேகமாகப் பரவுவது நியூரோஸ்போரா. 1840-களில் பாரிஸ் பேக்கரிகளில் இது பரவியபோது பிரெஞ்சு அரசு குழு அமைத்து ஆராய்ந்தது. பின்னாளில் ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும் இதே பூஞ்சணத்தை வைத்து, மரபணுக்கள் நொதிகளை ஆள்கின்றன என்பதைக் காட்டினார்கள். 1958-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் இருவரும் உண்டு.

பூஞ்சணத்தை எதிர்க்கும் சேர்க்கைகள்

கடை ரொட்டியின் உறையில் 282 என்ற எண் இருந்தால் அது கால்சியம் புரோப்பியோனேட். இது பூஞ்சணத்தையும் நூலிழுக்கும் பாக்டீரியாவையும் தடுக்கும். மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டை அதிகம் பாதிக்காது. புளிக்கவைத்த தாய்மாவில் செய்யும் ரொட்டியில் லாக்டிக், அசிட்டிக் அமிலங்கள் தாமாகவே உண்டாகி அதே காவலைத் தருகின்றன. இரண்டுமே பூஞ்சணத்தைத் தாமதப்படுத்துமே தவிர, அறவே நிறுத்தாது.

பாதுகாக்கும் முறை

வீட்டில் சுட்டதை முழுக்க ஆறவிட்டே மூட வேண்டும். சூட்டோடு கட்டினால் ஆவி உறையின் உட்புறம் முத்து முத்தாய் நிற்கும். அந்தத் துளி விழும் இடத்தில்தான் முதல் புள்ளி தோன்றும். துண்டுகளை ஈரக்கையால் எடுக்கக் கூடாது. எடுத்ததும் உறையை முறுக்கி மூட வேண்டும். அடுப்பின் பக்கமும் வெயில் படும் சன்னலோரமும் ஆகாது.

ரொட்டி கெடுவதில் இரண்டு வகை உண்டு: பூஞ்சணம் பிடிப்பது ஒன்று, காய்ந்ததுபோல விறைத்துப்போவது மற்றொன்று. விறைப்புக்குக் காரணம் நீர் போவது மட்டுமல்ல. வெந்து இளகிய மாவுச்சத்து மறுபடி இறுகுவதே முதன்மைக் காரணம். அந்த இறுக்கம் குளிர்சாதனப் பெட்டியின் 4 பாகையை ஒட்டிய குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஆக, பெட்டியில் வைத்த ரொட்டியில் பூஞ்சணம் தாமதமாகும், ஆனால் விறைப்பு முந்திக்கொள்ளும். டோஸ்ட் செய்து உண்பதானால் அது குறையில்லை. சூடு பட்டதும் மாவுச்சத்து மீண்டும் இளகிவிடும். இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் ரொட்டியை, அடைமழைக் காலம் தவிர, வெளியிலேயே வைக்கலாம். மிஞ்சுவதைக் காற்றுப் புகாமல் மூடி உறைபெட்டியில் -18 பாகையில் வைத்தால் இரண்டு கேடும் ஏறக்குறைய நின்றுவிடும்.

பூசணம் பூத்தபின்

ஒரு துண்டில் கண்டாலும் அந்த உறையிலுள்ள முழுவதையும் எறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புள்ளியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும் என்பதால், அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது பயன் தராது. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் போன்றவை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் முதலிய நஞ்சுகள் டோஸ்ட் செய்யும் சூட்டிலும் அழிவதில்லை. பெனிசிலின் மருந்தும் பூஞ்சணத்திலிருந்து வந்ததுதானே என்று உண்பதும் தவறு. ரொட்டியில் வளர்ந்திருப்பது எந்த இனம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மோந்து பார்த்தால் வித்துகள் மூச்சோடு உள்ளே போகும்; ஒவ்வாமையும் இளைப்பும் உள்ளவர்களுக்கு அது கெடுதி. வீணாகிறதே என்று நாய்க்கோ மாட்டுக்கோ போடவும் கூடாது. அந்த நஞ்சு அவற்றையும் தாக்கும்.

எறிந்தபின் ரொட்டி வைத்திருந்த டப்பாவைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். மூலையில் தங்கிய துணுக்கில் வித்து இருந்தால், அடுத்து வாங்கும் புது ரொட்டிக்கு அதுவே விதையாகும்.