50 ஹேர்ட்ஸும் நயினாதீவுக் காற்றும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு தொட்டதால முழு இலங்கையிலும் கரண்ட் போனது எண்டு அமைச்சர் சொன்னார். நாங்களும் மீம் போட்டுச் சிரிச்சம். மின்சார சபை சொன்ன மற்றக் காரணத்தைத்தான் பெரிசா ஆரும் கவனிக்கேல்லை: விடுமுறை நாள், தேவை குறைவு, சோலாரின் பங்கு அதிகம், அதனால் வலையமைப்பில் சடத்துவம் போதவில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சொல் ஞாபகம் இருக்கும். எங்கட மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். உற்பத்தி குறைந்தால் அது இறங்கும், கூடினால் ஏறும். பெரிய ஜெனரேற்றர்களின் பாரமான சுழலிகள் சட்டென்று வேகம் குறையாது. அந்தச் சில செக்கன்கள்தான் மற்ற நிலையங்கள் சுதாகரிக்கக் கிடைக்கும் அவகாசம். சோலார் பனலில் சுழல ஒன்றுமில்லை.

நயினாதீவு அந்த வலையமைப்பிலேயே இல்லை. குறிகட்டுவானுக்கு அங்கால டீசல் ஜெனரேற்றரில் ஓடும் தனி உலகம் அது. போர்க்காலத்தில் குடாநாடும் அப்படித்தான் தேசிய வலையமைப்பிலிருந்து அறுந்து சுன்னாகத்து டீசலை நம்பிக் கிடந்தது. சின்ன வலையமைப்பில் ஒரு இயந்திரம் நின்றாலே மீடிறன் சரியும்.

நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் காற்று, சோலார், பற்றரி சேர்ந்த கலப்புத் திட்டத்தை, ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில், ஒரு சீன நிறுவனக் கூட்டுக்குக் கொடுக்க 2021 ஜனவரியில் அமைச்சரவை சம்மதித்தது. இந்தியா எதிர்த்தது. டிசம்பரில் 'மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை' எண்டு சொல்லித் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச் 1இல் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம். மூன்று வருசம் ரெண்டு பெரிய நாடுகளும் இழுபட்டதைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமா எழுதின. தீவுச் சனத்தின்ர இரவு லைற்றைப் பற்றி எழுதினது குறைவு.

எங்களுக்கு முக்கியமாப் படுவது ஒப்பந்தத்தில் உள்ள எண்கள். சோலார் 1,700 கிலோவாற், காற்று 530 கிலோவாற், பற்றரி 2,400 கிலோவாற் மணி, கூடவே 2,500 கிலோவாற் காத்திருப்பு டீசல். சோலாரையும் காற்றையும் கூட்டினாலும் டீசல்தான் பெரிசு!

காற்றாலைக்கு அந்தக் காவல் வேலையில் பங்கில்லையா? முந்தி இல்லைத்தான். மீடிறன் தடுமாறினால் காற்றாலைகள் கழன்று போக வேண்டும் என்பதே பல நாடுகளில் விதி. காற்றின் பங்கு கூடக் கூட அந்த விதியே ஆபத்தாகிவிட்டது. 2000களின் நடுப்பகுதியில் கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் தலைகீழாகக் கேட்டது: மீடிறன் விழும்போது காற்றாலை கைகொடுக்க வேண்டும். சுழலும் இறக்கைகளிலுள்ள இயக்கசக்தியை, கட்டுப்பாட்டுக் கருவி சில செக்கன்களுக்கு மின்னாக இழுத்துத் தரும். பிறகு இறக்கை இழந்த வேகத்தை மீட்க வேண்டும், அப்போது உற்பத்தி கொஞ்சம் குறையும். சும்மா கிடைக்கிற சக்தி இல்லை. இன்னொரு வழி, இறக்கையின் கோணத்தைத் திருப்பி முழுக் கொள்ளளவுக்குக் கீழேயே ஓட்டி, தேவைப்படும்போது மிச்சத்தை விடுவது. மீடிறன் ஏறினாலும் அதே கோணத்தால் உற்பத்தியைக் குறைக்கலாம்.

நயினாதீவில் அந்த அவசர வேலையைப் பற்றரிதான் வேகமாகச் செய்யும் எண்டு நினைக்கிறம். ஆனால் பற்றரி தேயும், மாற்றக் காசு வேணும். காற்றையும் காவலுக்கு வைத்தால் அதன் பாரம் குறையும். நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் சனம் குவிந்து மின்தேவை ஏறுகிற ஆனி மாதம், சோளகம் வீசுகிற காலமும்தான்.