உப்புக்காற்றில் ஒரு பிடி

வைத்திக்குப்பத்தில் எதுவும் முழுசாகக் காயாது. காலையில் துவைத்துப் போட்ட சட்டையை மாலையில் எடுத்தாலும் கையில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். ஜாடியில் உப்பு கட்டிதட்டும், ஜன்னல் கம்பி துருவேறி உதிரும், புத்தகத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆனால் முப்பது வயதைத் தாண்டி டென்னிஸ் ஆட ஆரம்பித்த பிறகு ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். எல்லாமே ஒட்டும் இந்த ஊரில், ஒட்ட வேண்டிய ஒரே பொருள் மட்டும் பத்தே நாளில் ஒட்டாமல் போய்விடுகிறது. ராக்கெட்டின் கைப்பிடியில் சுற்றியிருக்கும் ஓவர்கிரிப்.

ஒருநாள் சர்வீஸ் போடும்போது ராக்கெட் கையிலிருந்து நழுவிப் பறந்து, எதிரே நின்ற நண்பனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்பே முழங்கையில் வலி தொடங்கியிருந்தது. கீபோர்டு தட்டிச் சம்பாதிக்கிறவனுக்கு முழங்கை வலி என்றால் பிழைப்பில் கைவைக்கிற விஷயம். பிசியோதெரபிஸ்ட் என் ராக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "வழுக்குது, அதனால இறுக்கிப் பிடிக்கிறீங்க. இறுக்கிப் பிடிக்கிறதாலதான் வலிக்குது."

மென்பொருள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிழையைச் சரிசெய்தால் போதாது, அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிக்கொண்டே போகவேண்டும். அப்படித் தோண்டப் போனவன் சில நூற்றாண்டுகள் பின்னால் போய் நின்றேன்.

டென்னிஸ் என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்து வந்தது. 'தெனே' என்றால் பிடி, இந்தா வாங்கிக்கொள் என்று பொருள். பந்தைப் போடுகிறவர் எதிராளிக்குக் கொடுத்த எச்சரிக்கைக் குரல் ஆட்டத்தின் பெயராகிவிட்டது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆட்டத்தை 'ழு த போம்' என்றார்கள், அதாவது உள்ளங்கை ஆட்டம். முதலில் வெறும் கையால் பந்தை அடித்தார்கள். கை வலித்ததால் கையுறை வந்தது. மட்டையும் நரம்பு கட்டிய ராக்கெட்டும் அதற்கப்புறம்தான். ராக்கெட் என்ற சொல்லும் உள்ளங்கையைக் குறிக்கும் ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வாருண்டு. 1789 ஜூன் 20 அன்று வெர்சாய் நகரில் பிரெஞ்சு மக்கள் பிரதிநிதிகள், அரசியல் சட்டம் எழுதாமல் கலையமாட்டோம் என்று சபதம் எடுத்தது அப்படியோர் உள்ளங்கை ஆட்டக் கூடத்தில். புதுச்சேரிப் பள்ளியில் படித்த எனக்கு அந்தச் சபதம் தெரியும். அது ஒரு ஸ்போர்ட்ஸ் ஹால் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

நாம் இன்று ஆடும் டென்னிஸ் இங்கிலாந்தின் புல்வெளிகளில் உருவானது. வால்டர் விங்ஃபீல்ட் என்ற ராணுவ மேஜர் 1874-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கால ராக்கெட்டுகளின் கைப்பிடி வெறும் மரம். கை வழுக்காமலிருக்க மரத்திலேயே கோடுகோடாகச் செதுக்கியிருப்பார்கள். தோல் சுற்றும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலானது. நீளப் பட்டையாக வெட்டிய தோலை அடியிலிருந்து மேல்நோக்கிச் சாய்வாகச் சுற்றி, முனையில் ஓர் ஆணியோ ஒட்டுப்பட்டையோ போட்டு முடிப்பார்கள். அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஏறக்குறைய உலகம் முழுக்க அதுதான் பிடி.

தோல் என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டைத் தொடாமல் போகமுடியாது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு மாட்டுத்தோலைப் பதப்படுத்தும் தொழில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பக்கமெல்லாம் பெருகியிருந்தது. நம் ஊர் மாடுகள் சின்னவை, அவற்றின் தோலும் மெல்லியது. பாதி பதப்படுத்திய அந்தத் தோல்கள் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போயின. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோல் இங்கிருந்துதான் போனது. குரோமியம் உப்பில் தோல் பதப்படுத்தும் புது முறை வந்தபோது பல்லாவரத்துப் பக்கம் குரோம் லெதர் கம்பெனி தொடங்கியது, அதன் பெயரில் ஒரு ஊரே உண்டானது. குரோம்பேட்டையில் ரயில் ஏறி இறங்கும் எத்தனை பேர் தோலை நினைக்கிறார்கள்?

இங்கே எனக்கு ஒன்று உறுத்துகிறது. ராக்கெட்டின் நரம்பு ஆடு மாடுகளின் குடல். பிடி மாட்டுத்தோல். அதை ஊறவைத்து, மயிர் நீக்கி, சுண்ணாம்புக் குழியில் இறங்கி மிதித்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். அவர்கள் கை பட்ட தண்ணீர் ஆகாது என்றிருந்த வீட்டுப் பிள்ளைகளும், செருப்பை வாசலிலேயே விடச்சொல்லும் வீட்டுப் பிள்ளைகளும், பிரிட்டிஷ் காலத்துக் கிளப்புகளில் அந்தத் தோலை மணிக்கணக்கில் வெறும் கையால் இறுகப் பற்றி, அதில் வியர்வையைக் கலந்து ஆடியிருக்கிறார்கள். வெள்ளை உடை, வெள்ளைக் கோடு, பழுப்புத் தோல். ஆட்டம் முடிந்ததும் கையைக் கழுவியிருப்பார்கள், சந்தேகமில்லை. அது வியர்வைக்காக மட்டும்தானா என்பது வேறு விஷயம். இதற்கு நம் பாலாறு கொடுத்த விலை தனிக்கதை. அந்த ஆற்றைத் தோல் ஆலைக் கழிவு கெடுத்ததைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறார்கள்.

தோல் சுற்றிய மரராக்கெட்டோடு இங்கிருந்து உச்சத்துக்குப் போனவர் ராமநாதன் கிருஷ்ணன். 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தந்தை டி. கே. ராமநாதன்தான் பயிற்சியாளர். 1954 ஜூலையில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், ஆசியாவிலிருந்து வென்ற முதல் ஆள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எனக்கு நினைவில் வைத்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான். 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை வந்தார். முதலில் நீல் ஃபிரேசர், அடுத்து ராட் லேவர். இருவருமே இடதுகைக்காரர்கள், இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். கிருஷ்ணனின் ஆட்டம் பலத்தில் இல்லை, தொடுதலில் இருந்தது என்று அவர் ஆட்டத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் சொல்கிறார்கள். பந்தைத் தட்டாமல் தடவி அனுப்பும் ஆட்டம். அப்படி ஆட, பிடி தளர்வாக இருக்கவேண்டும். தளர்வாகப் பிடித்தாலும் நழுவாது என்ற நம்பிக்கை கைக்கு இருக்கவேண்டும். என் பிசியோதெரபிஸ்ட் சொன்னதன் மறுபக்கம் இது.

எங்கள் கரையிலும் ஒரு டென்னிஸ் கதை உண்டு. நகரின் வடக்கே, கடலை ஒட்டி அரவிந்தர் ஆசிரமத்தின் டென்னிஸ் மைதானம். 1878-இல் பாரிசில் பிறந்து, இளம் வயதிலேயே டென்னிஸ் ஆடிப் பழகிய அன்னை என்கிற மிர்ரா அல்ஃபசா, 1940களின் கடைசியில், எழுபது வயதில், இங்கே மாலைதோறும் ஆடினார். ஐம்பதுகளிலும் ஆட்டம் தொடர்ந்தது. கையில் மரராக்கெட்டோடு அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. ஆன்மிகத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் இந்த உப்புக்காற்றில், இந்தப் புழுக்கத்தில், எழுபது வயதில் தினமும் ராக்கெட் பிடித்த கை என்றால் தலைவணங்கத்தான் வேண்டும்.

அதே காலத்தில் அதே கடலில் என் தாத்தா கட்டுமரம் தள்ளினார். அவர் துடுப்பின் பிடியில் பழைய வலைநூலை நெருக்கமாகச் சுற்றி வைத்திருப்பார். சின்ன வயதில் ஒருமுறை நான் அதைப் பிரித்துவிட்டு உதை வாங்கியிருக்கிறேன். உதைத்துவிட்டு அவரே உட்கார்ந்து திரும்பச் சுற்றினார். "ஈரத்துல நிக்கணும்டா பிடி. காய்ஞ்சிருந்தா எவன் வேணா பிடிப்பான்" என்றார். தோல் பிடிக்கும் இதே குணம்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நன்றாகக் காய்ந்த தோல் வழுக்கும், லேசாக ஈரம் பட்டால் பற்றும். அதிகமாக நனைந்தால் மறுபடி வழுக்கும்.

வழுக்கலைச் சமாளிக்க மனிதர்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். நம் கபடிக்காரர் மண்ணைத் தேய்த்துக்கொள்வார். வயலின்காரர் வில்லுக்குப் பூசும் அதே பைன் மரப் பிசினைப் பொடியாக்கிப் பையில் கட்டி வைத்துக்கொள்வார் பேஸ்பால் வீரர். எண்பதுகளில் உலகின் முதலிடத்தில் இருந்த இவான் லெண்டில் கால்சட்டைப் பையில் மரத்தூள் வைத்திருந்தார். புள்ளிக்குப் புள்ளி அதைக் கையில் தேய்ப்பார், கோர்ட்டில் அவர் நின்ற இடமெல்லாம் தச்சுப்பட்டறை மாதிரி தூள் கிடக்கும். எழுபதுகளின் பிற்பாதியில் பிடிக்கு மேல் சுற்றும் மெல்லிய பட்டைகள் வந்தன. அவற்றில் இன்று இரண்டு குலம். ஒன்று, தொட்டாலே ஒட்டும் பாலியூரித்தேன் ரகம். இன்னொன்று, டூர்னா என்ற நீலப் பட்டையைப் போல, காய்ந்த துணி மாதிரி இருந்து வியர்வை பட்டபின் பற்றும் ரகம். தாத்தாவின் துடுப்பு இரண்டாவது குலம்.

நான் பல மாதம் தப்பான குலத்தில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பாலியூரித்தேன் ஏன் ஒட்டுகிறது? அதன் மேற்பரப்பு மிக மென்மையானது, கைரேகையின் மேடு பள்ளங்களுக்குள் நெளிந்து புகுந்து முழுசாகத் தொடும். எண்ணெய், சன்ஸ்கிரீன், செத்த தோல், தூசி இவை நடுவில் படிந்தால் தொடுதல் அறுந்துபோகும். அதாவது பெரும்பாலும் கிரிப் தேய்வதற்கு முன்பே அழுக்கில் செத்துவிடுகிறது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆடப்போய், நடுவில் முடியைக் கோதிவிட்டு அதே கையால் ராக்கெட்டைப் பிடித்தவன் நான். ஆடப்போகும் முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ ஆரம்பித்ததுமே ஒரு பட்டைக்கு நாலைந்து நாள் கூடியது.

அடுத்தது உப்பு. வியர்வைத் தண்ணீர் ஆவியானாலும் உப்பு பட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடற்கரையில் அது பெரும்பாலான இரவுகளின் கதை. ஆக, நான் தூங்கும்போதும் என் கிரிப் வியர்த்துக்கொண்டிருந்தது, அதுவும் ஜிப் போட்டு மூடிய பைக்குள். இப்போது ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பிடியைத் துடைக்கிறேன். சோப்பும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம், மேல்பூச்சு கெட்டுப்போகலாம். துடைத்த பிறகு வெயில் படாத இடத்தில், காற்றோட்டமாக, பிடி கீழே தொங்குமாறு மாட்டுகிறேன். மணிக்கட்டில் ஒரு வியர்வைப் பட்டை கட்டிக்கொள்கிறேன், ஏனென்றால் கையில் வழியும் வியர்வையும் உள்ளங்கைக்கு வந்து சேரும். பட்டையின் கீழ்ப்பாதி தேய்ந்ததும் பிரித்துத் தலைகீழாகச் சுற்றினால் இன்னும் சில நாள் வண்டி ஓடும். இது கஞ்சத்தனம் என்று நண்பன் சொல்கிறான். உண்மைதான்.

ஆஃபர் என்று முப்பது பட்டைகளை மொத்தமாக வாங்கி வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மழைக்காலம் போனபின் பிரித்தால், பாதி பட்டைகள் ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபட்டன. பாலியூரித்தேனில் சில வகைகளைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்ல அறுத்துவிடும். அலமாரியில் போடாமலே வைத்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதும் இதனால்தான். இந்த ஊரில் கிரிப்பைச் சேமித்து வைக்கக்கூடாது, மூன்று மூன்றாக வாங்கவேண்டும். இப்போது கோடையில் நீலப் பட்டை, மார்கழி தை மாதங்களில் மட்டும் ஒட்டும் பட்டை. முழங்கை வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் கீபோர்டில் கைவைக்கும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

போன மாசிமகத்தன்று காலையிலேயே ஆடிவிட்டு வந்து, ராக்கெட்டைத் துடைத்துத் திண்ணைக் கொடியில் மாட்டினேன். தெருவில் தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளின் மேளச்சத்தம். வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில்ல போடுடா. நெழல்ல போட்டா இந்த ஊர்ல எது காயும்?"

"வெயில் பட்டா கெட்டுடும் ஆயா."

"ஒங்க தாத்தாவும் தொடுப்ப நெழல்லதான் வைப்பாரு" என்றார் ஆயா, சாமி பார்க்க எழுந்துகொண்டே. "கேட்டா பதிலே சொல்லமாட்டாரு."