பிரம்பும் பரிசும்

பிரம்பின்றிக் கல்வியில்லை என்பது பல நாட்டாரும் நெடுங்காலம் போற்றிய கொள்கையாகும். இதனை மறுத்தோருள் ஆங்கிலத் தத்துவஞானி யோன் லொக் குறிப்பிடத்தக்கவர். பிரம்படி அடிமை மனப்பான்மையையே வளர்க்கும் என 1693 இல் வெளிவந்த தமது கல்வி நூலில் அவர் கண்டித்தார். எனினும், தின்பண்டமும் காசும் காட்டிக் குழந்தையை நல்வழிப்படுத்தலையும் அவர் ஏற்றாரல்லர். எந்த ஆசையை அடக்கப் பழக்கவேண்டுமோ, அந்த ஆசைக்கே அது தீனியாகும் என்பது அவர் வாதம். பெரியோரின் நன்மதிப்பை விரும்புதலும் அதனை இழக்க நாணுதலுமே தக்க தூண்டுகோல்கள் என அவர் கருதினார்.

லொக் கருத்திற்கொண்டது வீட்டில் ஆசிரியரிடம் பயிலும் செல்வர் மைந்தனை. நூற்றுக்கணக்கான ஏழைச் சிறுவரை ஒரே மண்டபத்தில் நடத்துவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடைகாண முயன்றவர் யோசேப் லங்காஸ்ரர். 1798 இல் இலண்டன் மாநகரின் சதர்க் பகுதியில் பாடசாலை தொடங்கிய இவர், முன்னேறிய மாணாக்கரைக் கொண்டே ஏனையோருக்குக் கற்பித்தார். இத்தகைய முறையைச் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவரிடையே கையாண்ட அந்திரு பெல், 1797 இலேயே அதுபற்றி நூல் வெளியிட்டிருந்தார்.

லங்காஸ்ரர் பிரம்பை விலக்கிப் பரிசிலை அமர்த்தினார். நன்கு கற்றோர் நற்சீட்டுகள் பெற்றனர். அவற்றைக் கொடுத்து விளையாட்டுப் பொருள்களைப் பெற்றனர். சிறந்தோர் வெள்ளிப் பதக்கம் அணிந்தனர். இங்ஙனம் பள்ளியில் பிரபுக்களாகப் பழகும் ஏழைச் சிறுவர், நாட்டிலும் பிரபுக்களாக விழைவரே என 1805 இல் சாரா திரிமர் அம்மையார் அஞ்சினார். ஆனால், உண்மைக் குறை வேறிடத்தில் இருந்தது. பதக்கம் தந்த அதே பாடசாலை, தவறிய சிறுவனின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டது. அவனைக் கூடையிலிட்டுக் கூரையில் உயர்த்தி ஏனையோர் நகைக்கச் செய்தது. உடலை வருத்தாத தண்டனை உள்ளத்தை வருத்திற்று. 1812 இல் கவிஞர் றொபேட் சதி இத்தண்டனைகளைக் கடுமையாகச் சாடினார்.

பரிசிலின் இயல்பை ஆராய்ந்த மற்றொரு முயற்சி 1973 இல் வெளியாயிற்று. லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்னும் அமெரிக்க உளவியலாளர், சித்திரம் வரைவதில் இயல்பாகவே விருப்புடைய பாலரைத் தேர்ந்தனர். வரைந்தால் சான்றிதழ் உண்டென முன்னரே கூறப்பட்டோர், பின்னர்த் தாமாக வரைவதிற் குறைந்த நாட்டமே காட்டினர். எதிர்பாராது அதனைப் பெற்றோரிடத்து அக்குறைவு காணப்படவில்லை. கேடு விளைத்தது பரிசிலன்று. பரிசிலை முன்வைத்துப் பேசிய பேரமே.

ஆகவே, பிரம்பை எறிந்துவிட்டமையால் மட்டும் ஆசிரியர் கடமை முடிவதில்லை. செய்த நற்செயலைக் கண்டு மகிழ்ந்து கூறும் சொல் வேறு. செய்விக்கும்பொருட்டுக் கூறும் விலை வேறு. முன்னது குழந்தையின் விருப்பத்தை அதற்கே உரியதாக விட்டுவைக்கும்; பின்னது அதனை விலைக்கு வாங்கிவிடும்.