ஐந்நூறு மரக்கட்டைகள்



நம் மாணவர்கள் வரைபடத்தில் மூடா ஆற்றை நீலக் கோடாக வரைகின்றனர். அத்தகைய ஒரு கோட்டின் பின்னே ஒரு மனிதரின் நான்காண்டுத் துன்பம் இருக்கக்கூடும் என்பதை அவர்களுக்குச் சொல்கிறோமா?

1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கிய நில அளவைப்பணி, பின்னாளில் இமயம் வரை நீண்டது. அதற்கப்பால் இருந்த திபெத்தில் வெள்ளையருக்கு அனுமதியில்லை. அங்குப் பனிமலைகளில் பிறந்து கிழக்கே ஓடும் சாங்போ ஆறு, ஆழ்ந்த மலைப்பிளவுக்குள் மறைகிறது. அதுவே அசாமில் பிரம்மபுத்திராவாக வெளிப்படுகிறதா என்பது தீராத ஐயமாக இருந்தது.

அதனை அறிய, 1880இல் சிக்கிமைச் சேர்ந்த கிந்துப் என்பவர் ஒரு லாமாவுடன் அனுப்பப்பட்டார். கிந்துப் எழுத்தறியாதவர். உடன்சென்ற லாமாவோ அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பிய கிந்துப் ஊர் திரும்பவில்லை. ஒரு மடத்தில் அடைக்கலம் புகுந்து உழைத்தார். பின்னர் 500 மரக்கட்டைகளில் அடையாளமிட்டு, நாளுக்கு 50 வீதம் ஆற்றில் விட்டார். முன்கூட்டி அவர் அனுப்பிய கடிதம் உரிய அதிகாரியைச் சேரவில்லை. கீழே அக்கட்டைகளைக் கவனிக்க எவருமில்லை.

1884இல் திரும்பியவர், கண்டவற்றை நினைவிலிருந்து கூறினார். பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் ஆகிய இருவர் அங்குச் சென்றபின், அவர் சொன்னவை பெரும்பாலும் மெய்யென உறுதியாயிற்று.

காண்பவர் இல்லாதபோதும் கடமையை முடித்தவர் கிந்துப். வரைபடப் பாடம் நடத்தும் நாளில் அவர் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.