கைவினைஞன் பூதமான கதை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்றொரு சிற்றூர். கற்பனை ஊர்தான். 1983 நவம்பர் 6ஆம் நாள் இரவு, நண்பன் வீட்டில் விளையாடிவிட்டு மிதிவண்டியில் திரும்பும் சிறுவன் ஒருவன் காணாமற்போகிறான். ஊரின் ஓரத்தில், வேலியிட்ட காட்டுக்குள் ஓர் அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கு நடந்த சோதனையொன்றில் இவ்வுலகின் தலைகீழ் நிழல் போன்ற வேறோர் உலகுக்கு வாயில் திறந்துவிட்டது. அதன் வழியே ஒன்று வெளியேறி ஊருக்குள் உலவுகிறது.

டஃபர் சகோதரர்கள் உருவாக்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தொடக்கம் இது. 2016 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸில் வெளிவரத் தொடங்கி, ஐந்து பருவங்களாக 2025 இறுதிவரை நீண்டது. ஸ்டீபன் கிங்கின் நாவல்கள், ஸ்பீல்பர்க், ஜான் கார்பென்டர் ஆகியோரின் திரைப்படங்கள், அக்கால மின்னிசை என்று 1980களின் வாசனையைத் தேடித்தேடிச் சேர்த்த தொடர். அதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. நான் இங்கே பேச விரும்புவது அதன் பூதங்களின் பெயர்களைப் பற்றி மட்டுமே.

அந்த ஊரின் பெரியவர்களிடம் வந்திருப்பதற்குப் பெயரில்லை. பெயர் வைப்பவர்கள் சிறுவர்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டில் தோய்ந்தவர்கள் அவர்கள். 1974இல் வெளிவந்த அவ்விளையாட்டின் உருவப் பொம்மை ஒன்றிலிருந்து 'டெமோகார்கன்' என்ற பெயர் கிடைக்கிறது. அடுத்த பருவங்களில் வரும் 'மைண்ட் ஃப்ளேயர்', 'வெக்னா' ஆகியவையும் அதே விளையாட்டிலிருந்து கடன் பெற்றவையே. விளையாட்டின் டெமோகார்கன் 1976இல் வெளியான இணைப்பு நூலொன்றில் இரண்டு குரங்குத் தலைகளோடு தோன்றியது. தொடரில் வருவதற்கோ முகமே இல்லை. பூவிதழ் போல விரியும் வாய் மட்டும்தான். உருவத்துக்கும் பெயருக்கும் பொருத்தமில்லை. அச்சத்தைக் கையில் பிடித்துப் பேசுவதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அது கிடைத்ததும் சிறுவர்கள் செயலில் இறங்கிவிடுகிறார்கள்.

டெமோகார்கன் என்ற சொல்லுக்கு விளையாட்டைவிட நீண்ட வரலாறு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் இலத்தீன் கவிஞர் ஸ்டேஷியஸ், பெயர் அறியலாகாத ஒரு பரம்பொருளைத் தம் காப்பியத்தில் குறிப்பாகச் சுட்டினார். அவ்விடத்துக்குப் பிற்காலத்தில் எழுந்த உரை, லாக்டான்டியஸ் பிளாசிடஸ் பெயரில் வழங்குவது, அது யார் என்று விளக்க முற்பட்டது. அந்த உரையின் படிகளில்தான் இச்சொல் முதலில் தென்படுகிறது. 'டெமியூர்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் படியெடுத்தவர்கள் பிழையாக எழுதியதால் பிறந்ததே இப்பெயர் என்பது அறிஞர் பலரின் முடிவு. ஓலையில் புள்ளியின்றி எழுதிய நம் ஏடுகளோடும், அவற்றில் விளைந்த பாடபேதங்களோடும் உ.வே.சாமிநாதையர் பட்டபாட்டை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

வியப்பு இதன் பிறகுதான். 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ இப்பிழையைக் கடவுளர் குலமரபின் முதல் மூதாதையாக அமர்த்தினார். 1667இல் மில்டன் தம் காப்பியத்தில் அஞ்சத்தக்க பெயராக அதைக் குறித்தார். 1820இல் ஷெல்லியின் நாடகத்திலோ கொடுங்கோலனான ஜூபிடரை அரியணையிலிருந்து இறக்கும் ஆற்றல் அதுவே. பிறகு விளையாட்டு, பிறகு தொலைக்காட்சி. பரம்பொருளாயிருந்தது படிப்படியாக இறங்கி, சிறுவர்களைத் தூக்கிச் செல்லும் விலங்காகிவிட்டது.

'டெமியூர்கோஸ்' என்பதன் முதற்பொருள் என்ன? மக்களுக்காகத் தொழில் செய்பவன், அதாவது கைவினைஞன். குயவனும் தச்சனும் தோல்வினைஞனும் அடங்கும் சொல் அது. பிளேட்டோ உலகைப் படைத்தவனை அச்சொல்லால் அழைத்ததற்குக் காரணம், படைப்பைக் கைவேலையாக அவர் கண்டதுதான். கைவினைஞன் பூதமானது ஏட்டுப் பிழையால்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவில் எழுந்தது வேலூரும் ஆம்பூரும். காரணம் தொடருக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் பருவத்தில் ஹாக்கின்ஸைச் சுற்றியுள்ள பூசணி வயல்கள் அழுகுகின்றன. நிலத்தடியில் பூதத்தின் சுரங்கங்கள் பரவியிருக்கின்றன. 1985இல் நிகழும் மூன்றாம் பருவத்தில் எலிகளும் மனிதர்களும் உரத்தையும் இரசாயனங்களையும் அள்ளி விழுங்குகிறார்கள். ஒரு பெண் இறந்ததற்கு, ஆய்வுக்கூடத்தின் நச்சு இரசாயனக் கசிவு என்ற விளக்கம் ஊராருக்குத் தரப்படுகிறது. எல்லோரும் நம்புகிறார்கள். அக்கதையில் நச்சுக்கசிவு என்பது பூதத்தை மறைக்கச் சொல்லப்பட்ட, நம்பத்தகுந்த பொய்.

பாலாற்றங்கரையில் அதே ஆண்டுகளில் அது பொய்யாக இல்லை. இங்கே தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டு வாரக்கணக்கில் பதப்படுத்திய தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கடல் கடந்து சென்றது. 1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலையும் தோற்பொருளையும் அனுப்பும்படி பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே கொள்கை மாறியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் வேலையும் பெருகியது. வாரக்கணக்கில் முடிந்த பதனிடல் குரோமிய உப்பினால் ஓரிரு நாளில் முடிந்தது. ஆவாரம்பட்டை ஒதுங்கியது.

கிணறுகளை உவர்ப்பாக்கியதில் பெரும்பங்கு குரோமியத்துக்குக்கூட அல்ல, பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவும் சாதாரண உப்புக்குத்தான். குரோமியத்தின் கொடிய வடிவம் வேறிடத்தில் குவிந்தது. பதனிடலுக்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை வெட்டவெளியில் விட்டுச்சென்றது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்க நிறுவனம் உலகின் மிக மாசடைந்த 10 இடங்களுள் ஒன்றாக ராணிப்பேட்டையைக் குறித்தது. ஹாக்கின்ஸ் சிறுவன் காணாமற்போன 1983இல் அக்குவியல் வளர்ந்துகொண்டிருந்தது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

ஆனால் வேறொன்றுக்கு நெடுங்காலமாகவே பெயர் இருந்தது. தோலைத் தொட்டவருக்கு நம் சமூகம் வைத்த பெயர் தீட்டு. சுண்ணாம்புக் குழியில் இறங்கி முடி நீக்கியவரின் கையை அசுத்தம் என்றது. அவர் செய்த காலணியை மட்டும் அணிந்துகொண்டது. டி.செல்வராஜின் 'தோல்' நாவல் (2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது) திண்டுக்கல் தோல்ஷாப்புகளின் வாழ்வை எழுதியதால் அக்கைகள் நம் இலக்கியத்துள் வந்தன. தொழிலாளிக்குத் தீட்டு என்ற பெயரைத் தயங்காமல் சூட்டியவர்கள், ஆற்றில் விடப்பட்ட கழிவுநீருக்குப் பெயரிடத் தயங்கினார்கள். இதுவும் ஒருவகைப் படியெடுப்புப் பிழைதான். கைவினைஞனின் இடத்தில் பூதம் என்று எழுதிவிட்டோம். பூதத்தின் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டோம்.

திருத்தம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்று அத்தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு உறுதிப்படும்வரை காத்திராமல் முன்னரே தடுக்க வேண்டும் என்ற இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அது அறிவித்தது. இன்று இந்தியாவெங்கும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரால் இவற்றைக் கற்கிறார்கள். மாசு என்ற சொல் செய்பவரின் கையிலிருந்து விலகி, கழிவை வெளியேற்றிய குழாயின் மீது வந்து விழுந்தது.

சொல் திருந்தியதால் காரியம் திருந்திவிடவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கசடு பாய்ந்து 10 பேர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பதற்கென்று கட்டிய இடத்திலிருந்தே அது வந்தது என்பதை எழுதும்போது கை தயங்குகிறது.

தொடரில் வாயிலை மூடினால் பூதம் அடங்கும். நமக்கு அந்த வசதி இல்லை. இந்தத் தொழிலை மூடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளுக்குக் காலையில் கிளம்பும் பெண்களின் வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். கைவினைஞனை விரட்டிப் பூதத்தை ஒழிப்பது பழைய பிழையையே மீண்டும் படியெடுப்பதாகும்.

தமிழில் பூதம் என்ற சொல் எப்போதும் தீயதைச் சுட்டுவதில்லை. நீரும் நிலமும் பூதங்களே. புகார் நகரின் சதுக்கப்பூதம் எளியோரைத் தொடாது. இரண்டகம் செய்யும் அமைச்சரையும் பொய்ச்சான்று சொல்வோரையும் புறங்கூறுவோரையும்தான் பிடித்துப் புடைத்துண்ணும் என்கிறது சிலப்பதிகாரம். யாரைப் பிடிக்க வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று வழக்கை மீண்டும் எடுத்துப் பேசியது. நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் ஆகியோரின் அமர்வு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டை வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கும் மேல். அன்று கிணறு உவர்த்துப்போனதைப் பார்த்த உழவரின் பேரப்பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டிருப்பார்கள்.