முயலுக்குத் தோலில் காயமா? வீட்டில் என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது

கூண்டைச் சுத்தம் செய்வதற்காக முயலைத் தூக்குகிறீர்கள். அடர்ந்த முடிக்குள் விரலில் ஏதோ பிசுபிசுக்கிறது. முடியை விலக்கிப் பார்த்தால், ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி அளவுக்குத் தோல் கிழிந்திருக்கிறது. எப்போது நடந்தது என்று தெரியாது. முயல் கத்தவும் இல்லை, நொண்டவும் இல்லை. மணி இரவு பதினொன்று. உங்கள் கை தானாக டெட்டால் பாட்டிலுக்கோ மஞ்சள் டப்பாவுக்கோ போகும்.

அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மேலோட்டமான சின்னக் காயம் முயலுக்குப் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். முயலின் உயிருக்கு ஆபத்து வருவது வேறு வழிகளில்: நாம் தடவும் மருந்து, நாம் கொடுக்கும் மாத்திரை, கவனிக்காமல் விட்ட ஈ, வலியில் நின்றுபோகும் வயிறு. அதனால் இந்தக் கட்டுரையில் காயத்தைவிட அதைச் சுற்றியிருக்கும் விஷயங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம்.

முதலில் ரத்தம்

முயலின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 55 முதல் 65 மில்லி ரத்தம்தான் இருக்கும். இரண்டு கிலோ முயல் என்றால் மொத்தமே ஒரு டீ டம்ளர் அளவு. நமக்கு ஒன்றுமே இல்லாத இருபது மில்லி, அதாவது நாலு டீஸ்பூன், அதற்குப் பெரிய இழப்பு. ரத்தம் வந்துகொண்டிருந்தால் சுத்தமான காஸ் துணியை மடித்து, காயத்தின் மேல் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்க்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் இரவானாலும் மருத்துவரிடம் கிளம்ப வேண்டியதுதான்.

ஒரு சின்ன விஷயம்: கூண்டின் தரையில் சிவப்பாக ஈரம் இருந்தால் அது ரத்தம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். சாப்பிட்ட இலைதழைகளின் நிறமிகளால் முயலின் சிறுநீர் சில நாள் செம்பழுப்பாக வரும்.

சரி, எப்படிக் கழுவுவது?

முயலைத் தரையில் வைத்து, டவலால் உடம்பைச் சுற்றி, காயம்பட்ட பகுதியை மட்டும் வெளியே விடுங்கள். மேஜை மேல் வேண்டாம். அதன் பின்னங்கால் உதை அவ்வளவு வலுவானது. பின்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் உதறினால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும் என்று காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. அது பயத்தில் உறைந்துபோவது. அப்படிச் செய்யாதீர்கள்.

காயத்துக்கு மேல் ஒட்டியிருக்கும் முடியை விலக்க வேண்டும். கத்தரிக்கோல் வேண்டாம். முயலின் தோல் மிக மெல்லியது. முடியை இழுத்தால் தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வந்து கத்தரியில் சிக்கும். ஒரு காயம் இரண்டு காயமாகிவிடும். சத்தம் குறைவான டிரிம்மர் இருந்தால் ஓரங்களை மட்டும் மெதுவாக எடுக்கலாம். இல்லையென்றால் சலைனில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு முடியை ஒதுக்குங்கள், போதும்.

கழுவுவதற்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனே சிறந்தது. உடம்புச் சூட்டுக்கு வரும்வரை பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, மென்மையாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அழுக்குப் போகும்வரை கழுவலாம், தேய்க்கக் கூடாது. சலைன் இல்லாத இரவில், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக உப்பு போட்டுக் கரைத்துக்கொள்ளலாம். கிருமிநாசினி வேண்டுமென்றே தோன்றினால், பீட்டாடைன் மாதிரியான பொவிடோன் அயோடின் திரவத்தை வெளிறிய டீயின் நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். பிறகு காஸ் துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு முறை, முதல் மூன்று நான்கு நாள். முழுதாகக் குளிப்பாட்டவே கூடாது. நனைந்த முயலின் உடல் வெப்பம் சட்டென இறங்கிவிடும். கட்டுப் போடவும் வேண்டாம், கடித்துப் பிய்த்துவிடும். பிய்த்ததை விழுங்கினால் அது வேறு பிரச்சினை.

டெட்டாலும் மஞ்சளும் ஏன் வேண்டாம்?

முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. தோலில் தடவும் எதுவும் சற்று நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். அதற்கு வாந்தியெடுக்கவும் முடியாது. டெட்டால், சாவ்லான், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகியவை திறந்த காயத்தில் புதிதாக வளரும் திசுவையும் சேர்த்துப் பாதிக்கும். மஞ்சள்பொடி முடியோடு சேர்ந்து காய்ந்து ஓடு மாதிரி ஆகி, அடியில் சீழ் பிடித்தால்கூடத் தெரியாமல் மறைத்துவிடும். தேங்காயெண்ணெய் முடியைச் சடையாக்கும்.

வீட்டில் மிச்சமிருக்கும் டியூப்கள் இன்னும் மோசம். தோல் அரிப்புக்கு நாம் வாங்கும் கலவை கிரீம்கள் பலவற்றில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முயல் ஸ்டீராய்டுக்கு மிகவும் கூருணர்வு உள்ளது. நோய் எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும். முகப்பருவுக்குப் போடும் கிளிண்டாமைசின் ஜெல்லை நக்கினால் குடலுக்கே ஆபத்து. நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயை முயலுக்கு அடித்து, முயல் இறந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

பெரிய ஆபத்து: ஆன்டிபயாடிக் மாத்திரை

இந்தியாவில் அநேகமாக எல்லா வீட்டு மருந்துப் பெட்டியிலும் பாதி தீர்ந்த அமாக்ஸிசிலின் அட்டை ஒன்று இருக்கும். குழந்தைக்கு வாங்கிய சிரப்பும் இருக்கும். ‘சின்ன உயிர்தானே, கால் மாத்திரை போதும்’ என்ற கணக்கு இங்கே கொல்லும்.

முயலின் பெருங்குடல் முனையில் ஒரு பெரிய நொதிப்பை இருக்கிறது. புல்லைச் செரிக்கவைப்பது அங்கே வாழும் நுண்ணுயிர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நல்ல நுண்ணுயிர்கள் சாகும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி நஞ்சைச் சுரக்கும். சில நாளில் வயிற்றுப்போக்கு, பிறகு மரணம். நாய்க்கும் பூனைக்கும் இதே அமாக்ஸிசிலினைத் தினமும் எழுதித் தருவதால், முயல் பார்த்துப் பழக்கமில்லாத மருத்துவரும் இந்த இடத்தில் சறுக்கலாம். மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும் பெயரைப் படியுங்கள். முயலுக்குப் பொதுவாகக் கொடுப்பது என்ரோஃப்ளாக்ஸசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா போன்றவை. பென்சிலினை ஊசியாகப் போடுவது வேறு கணக்கு, அது மருத்துவரின் முடிவு. வலி மருந்தும் அப்படியே: மெலாக்ஸிகாம் முயலுக்கு உண்டு, ஆனால் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியது அவர்தான்.

ஈ மொய்க்கிறதா? அது அவசரம்

நம் ஊர் வெயிலில் இதற்கு சீசன் கிடையாது. ஈரமான காயத்திலோ, சிறுநீர் பட்டு நனைந்த பின்பகுதியிலோ ஈ முட்டை வைத்தால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழு தோலைத் தின்றுகொண்டே உள்ளே போகும். காலையில் நன்றாக இருந்த முயல் மறுநாள் மாலை அதிர்ச்சி நிலைக்குப் போய்விடக்கூடும்.

காயம் ஆறும்வரை முயல் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கொசுவலையால் மூடிய இடம் நல்லது. மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி அல்லது காகிதம் விரியுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள். காலையும் மாலையும் வாலைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அரிசிக் குறுநொய் மாதிரி வெள்ளையாக முடியில் ஒட்டியிருந்தால் அது முட்டை. பேன்சீப்பால் வாரி எடுங்கள். புழுவே தெரிந்தால், மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைன் எண்ணெயோ அந்துருண்டைப் பொடியோ கிட்டேயே வரக்கூடாது. கண்ணில் பட்டதை இடுக்கியால் எடுத்துக்கொண்டே வண்டி ஏறுங்கள்.

காயத்தைப் பார்க்கிறீர்கள், புழுக்கையை எண்ணினீர்களா?

வலி வந்தால் முயல் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் நின்றுவிடும். குடல் நின்றால் வாயு சேர்ந்து இன்னும் வலிக்கும், இன்னும் சாப்பிடாது. இந்தச் சுழலில்தான் காயம் ஆறிக்கொண்டிருக்கும் முயலும் செத்துப்போகிறது. ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் புழுக்கை போடும். அது சிறுத்தாலோ குறைந்தாலோ எச்சரிக்கை. பன்னிரண்டு மணி நேரம் சாப்பாடும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால், காயம் எவ்வளவு அழகாக ஆறினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய கேஸ் அது. கூனிக்குறுகி உட்காருவது, கண்ணைப் பாதி மூடுவது, பல்லைச் சத்தமாக நறநறவென்று கடிப்பது எல்லாம் வலியின் அடையாளம்.

எண்களோடு பிழைப்பு நடத்துபவள் என்பதால் ஒரு சிபாரிசு: தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள், காயத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். ‘நேத்து மாதிரியேதான் இருக்கு’ என்று கண் சொல்லும்; போட்டோ வேறு சொல்லும். மருத்துவருக்கும் அதுதான் உதவும்.

நக்கக் கூடாது என்று கழுத்தில் புனல் மாட்டிவிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முயல் தன் மென்மையான இரவுப் புழுக்கையை ஆசனவாயிலிருந்து நேராக எடுத்துத் தின்னும். அது அதன் சத்துணவு. புனல் போட்டால் எட்டாது. மருத்துவர் சொன்னால் மட்டும், மென்மையான துணிக் காலர், குறைந்த நேரத்துக்கு.

வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லாத காயங்கள்

பூனை கடித்தாலோ கீறினாலோ மேலே ஊசி குத்திய அளவுதான் தெரியும், கிருமி ஆழத்தில் போயிருக்கும். அன்றே மருத்துவர். நாய் கடித்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு தூக்குங்கள். விலக்கும்போது உங்களுக்கும் பல்லோ நகமோ பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

ஆறின இடத்தில் சில நாள் கழித்துக் கெட்டியாக உருண்டை தட்டுப்பட்டால் அது சீழ்க்கட்டி. முயலின் சீழ் நம்முடையது போல் ஒழுகாது, டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியாக இருக்கும். பிதுக்கினால் வராது, பரவும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டும்.

பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து சிவந்த புண் இருந்தால், மருந்தைவிடத் தரையைப் பாருங்கள். நாய், பூனை போல முயலுக்குப் பாதத்தில் மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கடைகளில் விற்கிற கம்பித் தரைக் கூண்டில் மாதக்கணக்கில் நின்றால் அந்தப் புண் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கம்பியை மூடி, தடித்த பாயோ உலர்புல்லோ பரப்புங்கள். மூக்கிலும் காது நுனியிலும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டினால் அது காயமே இல்லை, பெரும்பாலும் சொறிப்பூச்சி. அதற்கு மருந்து தனி.

யாரிடம் போவது?

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு, ஆடு, பன்றியோடு முயலும் எண்ணப்பட்டது. நம் நாட்டில் முயல் இன்னும் பண்ணை விலங்குதான். அபார்ட்மென்ட் முயலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பெருநகரங்களிலும் குறைவு. காயம் வருவதற்கு முன்பே தேடி வையுங்கள். சென்னையில் வேப்பேரி, பெங்களூரில் ஹெப்பாள் என்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் இருந்தால் அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். பல மாநிலங்களில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண், முக்கியமாக ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கானது. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

தனியார் கிளினிக்குக்கு போன் செய்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஆபரேஷனுக்கு முன்னாடி முயலைப் பட்டினி போடணுமா, டாக்டர்?’ வாந்தியெடுக்காத பிராணிக்கு அது தேவையில்லை. ‘ஆமாம், எட்டு மணி நேரம்’ என்று பதில் வந்தால் அடுத்த எண்ணைத் தேடுங்கள்.

எல்லாம் சரியாகப் போனால், இரண்டு மூன்று நாளில் பொருக்குக் கட்டும். அதை உரிக்காதீர்கள். சின்னக் காயம் ஏழு முதல் பத்து நாளில் மூடிக்கொள்ளும். முடி வளர வாரங்கள் ஆகும், அதுவும் திட்டுத்திட்டாக. சில முயல்களுக்கு முடி முளைக்கும் முன் தோல் கருநீலமாக மாறும். ரத்தக்கட்டு என்று பயந்து போன் செய்பவர்கள் உண்டு. வலி இல்லை, வீக்கம் இல்லை, முயல் உலர்புல்லை மென்றுகொண்டிருக்கிறது என்றால், அது அடியிலிருந்து புதுமுடி வருகிற நிறம்தான்.