பயன் சொல்லல்

ஆங்கிலத்திலே 'எக்ஸ்பவுண்ட்' என்றொரு வினைச்சொல் உண்டு. விளக்கிக் கூறுதல் என்று அகராதிகள் அதற்குப் பொருள் தரும். 'எக்ஸ்பிளெயின்' என்பதற்கும் அதுதானே பொருள் என்று மாணவர் கேட்பதுண்டு. இரண்டும் ஒன்றல்ல. வழி தெரியாதவருக்குப் பாதை சொல்வதும், பிந்தி வந்தமைக்குக் காரணம் சொல்வதும் 'எக்ஸ்பிளெயின்'. வேதநூலையோ கோட்பாட்டையோ எடுத்துக்கொண்டு, பகுதி பகுதியாக விரித்து உரைப்பது 'எக்ஸ்பவுண்ட்'. முன்னதற்கு லத்தீன் வேர்ப்பொருள் மட்டமாக்குதல். பின்னதற்கு வெளியே எடுத்து வைத்தல்.

நமது 'விளக்குதல்' ஒளியோடு சேர்ந்த சொல். சாம்பலிட்டுப் பாத்திரம் துலக்குவதும் விளக்குதல்தான். ஈழத்திலே 'புரிகிறதா' என்பதிலும் 'விளங்குதோ?' என்று கேட்பதே வழக்கம். நீதிமன்ற விசாரணையையும் விளக்கம் என்கிறோம். விளக்கமறியல் என்ற சொல்லை அறியாதார் இல்லை. ஆயினும் 'எக்ஸ்பவுண்ட்' என்பதற்கு மிக நெருங்கிய சொல் யாழ்ப்பாணத்துக் கோயில் மண்டபங்களிலே இருக்கிறது. அது 'பயன் சொல்லல்'.

கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சியிலே பாடிய கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களை உடையது. அதனை நம் கோயில்களிலே இருவர் அமர்ந்து படிப்பர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதனைச் சீர் பிரித்து, சொல்லுக்குச் சொல் பொருள் கூறி, கதையையும் சித்தாந்தத்தையும் விரித்துரைப்பார். அவரே பயன் சொல்பவர். 'பொருள்' என்னாது 'பயன்' என்று நம் முன்னோர் பெயரிட்டமை சிந்திக்கத்தக்கது. கேட்டவனுக்கு என்ன கிடைத்தது என்பதையே அச்சொல் வினவுகிறது.

பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பிலே உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷனரிமாரின் போதனை முறை அவருக்கு உதவியது உண்மையே. ஆனால் உரை கேட்டுப் பழகிய செவிகளைப் புராணபடனமும் நமக்குத் தந்திருந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் (1899–1986) யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் 'கந்தபுராண கலாசாரம்' என்று குறித்தமையும் இதனாலேயே.

நேயர்களே, எனக்குச் சொந்த ஊர் மயிலிட்டி. என் அப்பு எங்கள் அயற்கோயிலிலே பயன் சொல்பவர். மாலையிலே கடற்றொழிலாளர் பலர் குளித்துத் திருநீறு பூசி வந்திருப்பர். சூரபன்மன் கடல் நடுவே மாமரமாய் நின்ற கதை ஒருநாள் வந்தது. வேல் அந்த மரத்தைப் பிளக்க, ஒரு கூறு மயிலாயிற்று, மற்றது சேவலாயிற்று. முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், "ஐயா, அவ்வளவு கொடுமை செய்தவனைக் கொல்லாமல் விட்டதேன்?" என்றார். அப்பு புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "ஆணவம் அழியாது, அண்ணை. அடங்கும். அடங்கினால் அதுவும் சுவாமியைச் சுமக்கும்" என்றார். வாசித்த செய்யுள் எனக்கு நினைவில்லை. அந்த மறுமொழி நினைவிருக்கிறது.

1990 இலே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது பத்து வயது. அப்பு புத்தகத்தைத் துணியிலே சுற்றி எடுத்து வந்தார். வாசிப்பவர் ஒரு திசை போனார். கேட்டிருந்தோர் முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் சிதறினர். அப்பு தனியே புத்தகத்தை விரித்து வாய்க்குள் படிப்பார். பயன் சொல்ல எதிரே ஒருவரும் இல்லை. ஊர் திரும்பாமலே அவர் காலமானார்.

2017 ஜூலையிலே மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. 27 ஆண்டுகளின் பின் வள்ளங்கள் மீண்டும் அங்கே கட்டப்பட்டன. வீடுகளைத் திருத்தலாம், கோயில்களையும் கட்டலாம். கந்தபுராணத்துக்கு அச்சிலே உரைகளும் உண்டு. ஆனால் அச்சிட்ட உரையிடம் அந்த முதியவர் தம் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. பயன் சொல்லும் கலையை ஒருவர் மற்றவர் அருகிலிருந்தே பழகவேண்டும். தமிழ் கற்ற இளைஞர்கள் இன்றுள்ள மூத்தோர் அருகே இவ்வாண்டிலேயே சென்று அமர்வார்களாக. வாசிக்க ஒருவர், பயன் சொல்ல ஒருவர், கேட்கச் சிலர் இருந்தாற் போதும், தொடங்கிவிடலாம்.